இரண்டாம் சட்னி: மதுரை உணவகங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

உணவகத்தில் முதலில் வைக்கும் சட்னியைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. அது மரியாதைக்கு வைப்பது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டுவரும் கேசரியிலிருந்து அந்த வீட்டுச் சமையலைக் கணிக்க முடியுமா? இட்லியில் பாதி மிச்சமிருக்க, சட்னி தீர்ந்துபோய், தலையைத் தூக்கி "கொஞ்சம் சட்னி" என்கிறோமே, அங்கேதான் கடையின் குணம் வெளிப்படத் தொடங்குகிறது. அதற்குப் பின் வருவதை, அல்லது வராமற்போவதை, இக்கட்டுரை 'இரண்டாம் சட்னி' என்று வழங்கும்.

ஆய்வுக் களமாக மதுரையைத் தேர்ந்ததற்கு அறிவியல் காரணம் ஏதுமில்லை. மாற்றலாகி வந்தேன். குடும்பம் திருச்சியில், பிள்ளைக்குப் பரீட்சை முடியும்வரை ஐந்து மாதம் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் வாசம். ஆனால் வந்த பிறகுதான் தெரிந்தது, ஆய்வாளருக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது என்று. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஆடி வீதி மதிலுக்குள் இருப்பதால் அங்கே சட்னிக்கு வழியில்லை, விட்டுவிட்டேன். சித்திரை வீதியிலிருந்து வெளிநோக்கி நடந்தேன். இருபத்துமூன்று கடைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு இட்லி, ஒரு தோசை. பொடி கேட்பதில்லை என்பது கட்டுப்பாடு. கள உதவியாளர் என் மச்சினன். மணமாகாதவன், எந்த நேரத்திலும் பசிக்கக்கூடியவன். நிதியுதவி: என் சம்பளம்.

முன்னோர் ஆய்வுகளைப் பார்க்கலாம். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இவ்வூரின் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துக் காட்டுகிறார். தேனடை போன்ற மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்றவர்கள் நள்ளிரவில் தூங்கி வழிந்ததையும் விடாமல் குறித்திருக்கிறார். ஆக, தூங்கா நகரத்தில் பலகாரக்காரர் தூங்கியதற்குச் சங்கச் சான்று இருக்கிறது. சட்னிக்கு இல்லை. 782 அடிகளில் ஓர் அடிகூட அதற்கு ஒதுக்கப்படவில்லை.

புலவரைக் குறை சொல்லவும் முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்குக் கிடைத்தது. தக்காளியும் நிலக்கடலையும் அதே கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. 'அந்தக் காலத்து ருசி' என்று நாம் கண்கலங்கும் சிவப்புச் சட்னியைப் பாண்டியன் நெடுஞ்செழியன் கண்ணால் பார்த்ததில்லை. சட்னி என்ற சொல்லே இந்தியில் நக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நமக்கென்று உள்ள சொல் துவையல். துவைப்பது என்றால் அடித்து நசுக்குவது. துணியைத் துவைப்பதும் தேங்காயைத் துவைப்பதும் ஒரே வினை. ஏழாம் கடையில் இரண்டும் ஒரே தண்ணீரில் நடந்திருக்குமோ என்று ஐயம் எழுந்தது. சான்று இல்லாததால் வலியுறுத்தவில்லை.

இனி ஆய்வின் மையப் பகுதி. இரண்டாம் சட்னி கேட்டதும் சப்ளையர் சொல்லும் விடைகளை, அவை நிகழும் காலத்தைக் கொண்டு மூன்றாகப் பகுக்கலாம். 'இந்தா கொண்டாறேன் சார்' என்பது எதிர்காலம். (வடிவில் அது நிகழ்காலம்தானே என்று இலக்கணப் புலவர்கள் கிளம்பவேண்டாம், பொருளைப் பாருங்கள்.) 'வருது சார்' நிகழ்காலம். 'வந்துருச்சு சார்' இறந்தகாலம். எதிர்காலத்தில் சொன்னவர்கள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தூக்கோடு வந்தார்கள். நிகழ்காலத்தில் சொன்னவர்களும் வந்தார்கள், இட்லி தீர்ந்து விரல் காய்ந்த பிறகு. இறந்தகாலத்தில் சொன்னவர்களை நான் மறுபடி சந்தித்தது பில் வைத்த தட்டோடுதான். வினைமுற்று எவ்வளவு பின்னோக்கிப் போகிறதோ அவ்வளவு தூரம் சட்னி முன்னோக்கித் தள்ளிப்போகிறது. இந்த விதிக்கு என் பெயரை வைக்கலாமா என்று மச்சினனிடம் கேட்டேன். "அந்த வடைய சாப்பிடப் போறீங்களா மாமா?" என்றான்.

இந்த மயக்கத்தை நன்னூலார் முன்பே கண்டு மன்னித்திருக்கிறார் என்பதைப் பிறகு கவனித்தேன். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்லலாம்; அது பிழையில்லை, காலவழுவமைதி. விரைவுக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே சாப்பாடுதான்: அவசரமாக அழைக்க வந்தவனிடம், இன்னும் சோற்றில் கை வைக்காதவன் 'சாப்பிட்டாயிற்று, கிளம்பியாயிற்று' என்பது. உண்பவனுக்குக் கிடைத்த இந்தச் சலுகையைப் பரிமாறுகிறவருக்கும் நீட்டிக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். அவரிடம் எட்டு மேசை, இரண்டு கை.

நான்காம் வகையினர் விடையே சொல்வதில்லை. செவிக் குறைபாடு என்று முதலில் நினைத்தேன். ஆனால் பக்கத்து மேசைக்காரர் வாயசைவில் "பில்" என்றது அவர்களுக்குக் கேட்டது.

ஐந்தாவதாக ஒருவர். வகையில்லை, ஒரே ஒருவர். டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் பழைய சைவக் கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்துக்கு நிறம் போய்விட்டது. நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, கையில் நாலு கிண்ணம் சேர்த்த தூக்கு. அறுபதைத் தாண்டிய மனிதர் யார் முகத்தையும் பார்க்காமல் இலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். என் இலை ஓரத்தில் வெள்ளைத் திட்டு மறையத் தொடங்கிய நேரம் அருகில் வந்து, "வெள்ளையா, செவப்பா?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் இரண்டையும் ஊற்றிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு அங்கே பொங்கல். நெய் மேலே மிதக்காமல் உள்ளே போயிருந்தது. மிளகு பாதி உடைந்து, சொல்லாமல் கொள்ளாமல் கடைவாயில் வந்து நின்றது. நேரம் குறித்துக்கொள்ள வைத்திருந்த தாளில் கை துடைத்துவிட்டேன். அந்தக் கடைக்கான பதிவுகள் அதனால் படிக்க முடியாதபடி இருக்கின்றன.

சட்னி ஏன் நீர்க்கிறது என்பதும் இத்துறைக்கு உட்பட்டதே. காலை ஏழு மணிக்கு அது தட்டில் நிற்கும். ஒன்பதரைக்கு ஓடும். பத்தே முக்காலுக்குக் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கடுகை எண்ணலாம். அரைத்த தேங்காய் சில மணி நேரத்தில் புளித்துவிடும். டிபன் முடியப்போகும் வேளையில் புதிதாக ஒரு ஈடு அரைத்தால் மிச்சம் சாக்கடைக்கு. ஆகவே மாஸ்டர் பொட்டுக்கடலையையும் தண்ணீரையும் நம்புகிறார். 2025-இல் தேங்காய் விலை தாறுமாறாக ஏறியபோது பல கிண்ணங்களில் பொட்டுக்கடலை தனிப் பெரும்பான்மை பெற்றதை ஊரே அறியும். இதில் எனக்குப் புகார் இல்லை. தண்ணீர் ஊற்றியதை மறைக்க அவசரமாகக் கொட்டும் இரண்டாவது தாளிப்புத்தான் கோபமூட்டுகிறது.

வருத்தத்துக்குரிய முடிவுகள் இரண்டை மறைக்காமல் பதிவுசெய்ய வேண்டும்.

ஒன்று, மாடியில் ஏ.சி. அறை உள்ள ஒரு கடை. பெயர் வேண்டாம். கீழே ஊற்றும் அதே மாவு, அதே கல், அதே மாஸ்டர்; தோசை படியேறி வருவதற்குத் தனிக் கட்டணம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத கடைக்கு 12 விழுக்காடு, ஏ.சி. கடைக்கு 18 என்று வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 என்று ஆக்கிவிட்டார்கள். வரி வேறுபாடு போயிற்று, விலை வேறுபாடு மாடியிலேயே தங்கிவிட்டது. அங்கே சட்னி, கண்ணுக்கு மருந்து விடும் அளவில், வெள்ளைக் குப்பியில் வந்தது. இரண்டாவது கேட்டேன். சிரித்த முகத்தோடு உடனே கொண்டுவந்தார்கள். பில்லில் 'எக்ஸ்ட்ரா சட்னி, 15 ரூபாய்' என்று தனி வரி. அதற்கு 75 பைசா ஜி.எஸ்.டி. மத்திய அரசுக்கு முப்பத்தேழரைப் பைசா, மாநில அரசுக்கு முப்பத்தேழரைப் பைசா. கூட்டாட்சித் தத்துவத்தை அதுவரை நான் இவ்வளவு அருகில் கண்டதில்லை. தோசை ஆறிப்போயிருந்தது, குளிரூட்டிய அறை என்பதால் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு, நெடுஞ்சாலை மோட்டல். இதற்குச் சற்று உலக வரலாறு தேவைப்படுகிறது. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேட்டை 1900-இல் பிரான்சில் தொடங்கியது ஒரு டயர் கம்பெனி. 1926-இல் நட்சத்திரம் வந்தது; 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தார்கள். இரண்டு நட்சத்திரக் கடை, வழியை மாற்றிக்கொண்டாவது போகத்தக்கது. மூன்று நட்சத்திரம், அதற்கென்றே பயணம் கிளம்பத்தக்கது. ஆட்கள் கிளம்பினால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் டயர் தேயும். நம் மோட்டல்கள் எல்லாம் இந்தக் கணக்கில் இரண்டு நட்சத்திரம். நேராகப் போய்க்கொண்டிருக்கும் பஸ், வழியை மாற்றிக்கொண்டு போய்த்தானே அங்கே நிற்கிறது?

சென்னையிலிருந்து திரும்பிய ஓர் இரவு, ஒன்றரை மணிக்கு அப்படி நின்றது. டிரைவரும் கண்டக்டரும் திரைக்குப் பின்னால் போனார்கள். அங்கிருந்து வந்த மீன் குழம்பு வாசனைக்கும் எங்கள் மேசைக்கு வந்த பண்டங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்குக் கிடைத்த தோசையின் நடுவில் மாவு வெள்ளையாக இருந்தது. சட்னி ஒரு கரண்டி. ஆய்வாளனின் கடமையை நினைத்து, அந்த நேரத்திலும் இரண்டாவது கேட்டேன். "பஸ்ஸு கெளம்பிருச்சு சார்" என்றார். பாதித் தோசையை விட்டுவிட்டு ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது, இன்னும் பன்னிரண்டு நிமிடம் நின்றது. டிரைவர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். கிளம்பிருச்சு என்பது இறந்தகாலம் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். என் விதியை நானே மதிக்கவில்லை.

மச்சினன் இந்த ஆய்வின் அடிப்படையையே ஏற்கவில்லை. "மாமா, நீங்க பாதி ஊரத்தான் ஆராயிறீங்க" என்று சிம்மக்கல்லுக்கு இழுத்துப்போனான். கோனார் மெஸ் கறி தோசைக்குப் பேர்போனது: தடியாக ஊற்றிய தோசை மேல் முட்டை, அதன் மேல் மசாலாவோடு வெந்த கறி, அப்படியே திருப்பிப் போட்டு எடுப்பது. தொட்டுக்கொள்ளும் பொருள் உள்ளேயே இருப்பதால் இரண்டாம் சட்னிக்குத் தேவை எழவில்லை. அதாவது, என் ஆய்வு அங்கே செல்லாது. பரோட்டாக் கடைகளிலும் அதே கதிதான். சால்னாவைக் கேட்டு வாங்குகிறவரை நான் காணவில்லை; பரோட்டாவைப் பிய்த்துப் போட்டவுடன் ஒரு ஜக்கு தானாக வந்து கவிழ்கிறது. சால்னாவுக்குக் கணக்கு வைக்கும் மாஸ்டர் இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது என்றான் மச்சினன். சைவ அசைவ வேறுபாடு பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் கோணம் யாருக்கும் தோன்றவில்லை. தனிக் கட்டுரைக்குரியது, விட்டுவிடுகிறேன்.

இருபத்துமூன்றாம் கடையில் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தெற்கு மாசி வீதியைத் தாண்டி ஒரு சந்து. இரவு எட்டரைக்கு மேல் ஒரு தள்ளுவண்டி, இட்லிக் கொப்பரை, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அக்கா இட்லி எடுக்கிறார், அவர் வீட்டுக்காரர் தட்டு கழுவுகிறார். தட்டில் இலைத் துண்டு, துணியிலிருந்து உரித்த இட்லி, தேங்காய், தக்காளி, மல்லி, கடலை என்று நாலு சட்னி. நான் கேட்பதற்காகத் தலையைத் தூக்கினேன். அதற்குள் கரண்டி வந்துவிட்டது. மறுநாள் வேகமாகத் தின்று பார்த்தேன். கரண்டி என்னைவிட வேகம். மூன்றாம் நாள், கேட்காமல் ஊற்ற முடியாதபடி தட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன். "கைய எடுங்கண்ணே, சுட்டுரப்போகுது" என்று விரல் இடுக்கில் சாம்பார் விட்டார். இரண்டாம் சட்னியைக் கேட்டால்தானே விடையை வகைப்படுத்த முடியும்? இருபத்துமூன்றாம் வரிசையில் காலம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

தரவு கிடைக்கும்வரை போவது என்று முடிவெடுத்துப் பதினான்கு இரவு போயிற்று. மச்சினன் நான்காம் இரவோடு நின்றுகொண்டான். தரவு கிடைக்காது என்று அவனுக்கு முதலிலேயே தெரியுமாம். நேற்று அக்கா கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்ணே, தெனமும் வந்து சட்னியவே மொறைச்சுப் பாக்குறீங்க. நல்லால்லையா?"

"இல்லக்கா, நல்லாருக்கு. ஒரு கணக்கு."

"கணக்கெல்லாம் கடைசில பாத்துக்கலாம். இன்னும் ரெண்டு வைக்கவா?"

வைத்துவிட்டிருந்தார்.