நின்றபடி வாசித்தலும் அகச்சமநிலையும்: செங்கம் வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தன்னைத் தேடிப் புறப்பட்டு, நாடு நாடாக அலைந்து, கடைசிப் பக்கத்தில் சமநிலை எய்தும் பயணநூல்களைத் தமிழ் வாசகர் எப்படி வாசிக்கிறார் என்பதை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்தா, நின்றா என்பதைத்தான் கேட்கிறேன். ஆன்மிகம் பிறகு.

ஆய்வுக்களம், திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் பேருந்து, சாயங்கால நெரிசல். ஆய்வுநூல், எலிசபெத் கில்பர்ட் 2006-இல் வெளியிட்ட ‘ஈட் பிரே லவ்’. இத்தாலியில் சாப்பாடு, இந்தியாவில் ஜெபம், இந்தோனேசியாவில் காதல். ஜபமாலைக் கணக்கில் 108 பகுதிகள்; நாட்டுக்கு 36. பாகப்பிரிவினையில் குறையே சொல்ல முடியாது.

வாசகர்தான் அதை மதிப்பதில்லை. பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த பிரதியில், முன்பு வைத்திருந்தவரின் பென்சில் கோடுகள் இத்தாலி முழுக்க நெருக்கமாக ஓடி, ஆசிரம வாசலில் சட்டென்று நின்றுவிடுகின்றன. அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட்டும் அங்கேயே இருந்தது. பாஸ்தா இருந்தவரை தன்னைத் தேடியவர், விடியுமுன் எழுந்து தியானம் என்றதும் கண்டது போதும் என்று இறங்கிவிட்டார் எனக் கொள்வதே பொருந்தும். தூக்கம் வந்திருக்கலாம் என்பாரும் உளர். அது பொருந்தாது, தூங்குகிறவர் டிக்கெட்டை இவ்வளவு நேராக வைப்பதில்லை.

இனி சோதனை. ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை நூலில். பக்கம் திருப்ப மூன்றாவது கை தேவைப்படுவதால் மோவாயைப் பயன்படுத்தலாம். நூலாசிரியர் மனம் அமைதி கொள்ளும் பத்தியும் சாலையின் வேகத்தடையும் ஒன்றாகவே வருகின்றன. இதற்குக் காரணம் விளங்கவில்லை. அத்தகைய ஒரு கணத்தில் நடத்துநர் திருவாய் மலர்ந்தருளினார்: “சார், புக்க மூடுங்க. கம்பிய நல்லா புட்ச்சிக்குங்க.”

இதைச் சாதாரண அதட்டல் என்று கருதுவோர் மலைபடுகடாம் படிக்காதவர்கள். பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் 583 அடிப் பாட்டு, 1889-இல் உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய தொகுப்பில் உள்ளது. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கமேதான். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பாசி படிந்து கால் வழுக்கும் இடத்தைச் சொல்லி, அங்கே அவன் தரும் உபதேசம்: சிறுமூங்கில் கோலையும் கொறுக்கந்தட்டையையும் பிடித்துக்கொண்டு போங்கள். நடத்துநர் மூங்கிலைக் கம்பி ஆக்கியது ஒன்றே பாடபேதம்.

மூடச் சொன்னதற்கும் மூலம் உண்டு. மலைச்சரிவில் தேனடை தொங்குவதைக் கண்டாலும் சட்டென்று அண்ணாந்து பார்க்காதீர்கள், வரிசையாகப் போகும் கால் தடம் மாறிவிடும் என்கிறான் அவன். காட்சியைப் பார்க்காதே என்று சொல்லும் பயணநூல் உலகில் வேறு உண்டா என்று நண்பர்களிடம் கேட்டுவருகிறேன். கூத்தன் தொடர்கிறான்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, விடிந்தபின் போங்கள். கவை வழிகளில் புல்லை முடிந்து வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு ஆகும். நடுகல்லைக் கண்டால் யாழ் வாசித்துவிட்டு விரைந்து நடையைக் கட்டுங்கள். அந்தக் கற்களின் வழிவந்தவை பிற்காலத்திலும் இந்த வட்டாரத்தில் நிறையவே நின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிநூலே போட்டது. எடுத்தனூர்க் கல்லில் கள்ளரைக் கடித்துத் தன் ஆளைக் காத்த கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. தான் யாரென்று அந்த நாய்க்குத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டு அதிகாரத்துக்கும் குறைவில்லை. வழிநெடுக ஊர்க்காரர்கள் கூப்பிட்டுப் போடுகிறார்கள்: தினைச்சோறு, நெய்யில் வெந்த இறைச்சி, மூங்கில் குழாயில் முற்றிய தேறல், மூங்கிலரிசியோடு அவரையும் புளியும் கூட்டிய கூழ். இத்தாலிக்கு இளைத்ததில்லை செங்கம் மலைவழி.

இங்கே ஒரு தடை எழலாம். கூத்தர் பரிசுக்குப் போனவர்கள், கில்பர்ட் அம்மையாரோ தன்னைத் தேடிப் போனவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கலாம். எழுதப்போகும் புத்தகத்துக்குப் பதிப்பாளர் கொடுத்த முன்பணத்தில்தான் அந்த ஓராண்டுப் பயணம் நடந்தது. அவரே மறைக்காமல் சொல்கிறார். கூத்தன் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கினான், இவர் புறப்படும் முன் வாங்கினார். புரவலனை நம்பியதில் கூத்தனுக்கே நெஞ்சுரம் கூட. நன்னனிடம் பொற்றாமரை, தேர், யானை கிடைக்கும் என்று அவன் அடித்துச் சொல்கிறான், வாங்கியவன் வாக்கு.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. எதிரே வந்த கூட்டம் சேயாற்றங்கரையில் இருக்கும் நன்னன் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா, யானை கிடைத்ததா என்பது பாட்டில் இல்லை; அவர்கள் இன்னும் கிளம்பவே இல்லை, பாட்டு முடிந்துவிடுகிறது. தங்களைக் கண்டடைந்தார்களா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை. குழந்தை குட்டிகளோடு, முழவும் குழலும் தோளில் தொங்க, அத்தனை பேரும் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.