மலையிறங்கும் தன்னம்பிக்கை

வெளியூர்ச் செல்வந்தர்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்க ஏற்காட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917 முதல் அங்கே இருக்கிறது. அதே மலையின் வாழவந்தி கிராமத்துப் பிள்ளைக்குத் ‘தன்னம்பிக்கை’ வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குப் போகவேண்டும். அங்கே டியூஷன் சென்டர்களில் அது மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும். முதலில் தேர்வு வைத்து, பையன் மக்கு என்று பெற்றோருக்கு நிரூபிப்பார்கள்; நம்பிக்கை இரண்டாம் தவணையில்தான். பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஆகவே சென்டர் பலகையில் அவர் பெயர் இருக்காது. மைத்துனர் பெயர் இருக்கும்.

2021இல் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. அப்போது எட்டாம் வகுப்புவரை, மாலையில், வீட்டுப் பக்கத்திலேயே, இலவசமாக. சொல்லித்தந்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. பீஸே வாங்காத இடத்தை நம்மவர்கள் எப்படி டியூஷன் என்று மதிப்பார்கள்?