சான்றுக்கும் விலாசம் உண்டு

கேள்வி: ஆய்வுக் கட்டுரையில் புத்தகம், கல்வெட்டு, பேட்டி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மேற்கோள் குறிப்பு எழுதினால் போதாதா?

பதில்: போதாது. வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண், வயலைக் கண்டுபிடிக்க சர்வே எண். சான்றும் அப்படித்தான். புத்தகத்துக்கு ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம். புறநானூற்றுக்குப் பாட்டு எண், அடி எண். உ.வே.சா. 1894-இல் அச்சிட்ட பக்கம் இன்றைய பதிப்பில் மாறியிருக்கும். பாட்டு எண் மாறாது. கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும். ஓலைச்சுவடிக்கு நூலகத்தின் பெயரும் சுவடி எண்ணும். பேட்டிக்கு யார், எங்கே, எப்போது. இணையதளத்துக்குப் பார்த்த தேதியும் வேண்டும். இன்று இருப்பது நாளை காணாமல் போகலாம். படிப்பவர் யாரிடமும் வழி கேட்காமல் மேற்கோள் காட்டிய வரியின் வாசலிலேயே போய் நிற்க வேண்டும். ஆய்வாளரின் நாணயம் அதில்தான் இருக்கிறது.