கழித்தல் குறி

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளி நூலகத்தின் தேடுபொறி வெற்றிலை போடும். அட்டெண்டர் அண்ணனைத்தான் சொல்கிறேன். "நீல அட்டைண்ணே, மேல யானை படம் இருக்கும்" என்று ஒரு பையன் வந்து நின்றால் போதும். "மூணாவது பீரோ, கீழ்த்தட்டு, முதுகு கிழிஞ்சிருக்கும் பாரு" என்பார். நானோ நூலக அறிவியலில் பட்டம் வாங்கி வந்தவள். ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகளில் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று தனித்தனியாக எழுதி, அகரவரிசையில் இழுப்பறைகளில் அடுக்கியிருந்தேன். பிள்ளைகள் யாரும் அவற்றை இழுத்துப் பார்த்ததாக நினைவில்லை. என் அட்டைகளுக்கு யானை தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். டெல்டா பக்கம், அரசு உதவி பெறும் பள்ளி. எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழி பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்பதையே நூலகத்துறையின் முதல் விதியாக 1931-இல் எழுதி வைத்த மனிதர். அவர் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார் எச்.எம்.; மாட்டிய இடம், பூட்டிய பீரோவுக்கு நேர் மேலே. புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. பாச்சை உருண்டை வாசனையில், யாரும் தொடாமலேயே புத்தகங்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

இருப்பதிலேயே பத்திரமாக இருந்தது கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிவந்த பத்துத் தொகுதிகள். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மேஜைக்கு வரும். அதிகாரியின் ஜீப் கிளம்பியதும் உள்ளே போய்விடும். இன்று அதே தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சாவியில்லாமல் கிடக்கின்றன. நடுராத்திரியில்கூடப் புரட்டலாம். புரட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்களா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் ஒரு துணி உறை தைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனோம். டயல்-அப் இணைப்பு. ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்காமல் திறந்தால் திரை முழுக்கக் கட்டமும் கொக்கியும். தமிழில் தட்டித் தேடுவது என்ற பேச்சே இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் யார் யாரோ தன்னார்வலர்கள் பழைய நூல்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அன்றைக்கு ஒரே ஆறுதல். பிறகு யூனிகோட் பரவியது. கிடைக்கவில்லை என்ற குறை போய், கிடைத்துத் தொலைக்கிறதே என்ற குறை வந்தது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "மிஸ், பாரதி, கண்ணம்மா பத்தி ஸ்பீச்" என்றாள். பாரதி கண்ணம்மா என்று அவளே தட்டினாள். வந்து இறங்கியது 2019-இல் விஜய் டிவியில் தொடங்கிய சீரியல். பையைத் தூக்கிக்கொண்டு கண்ணம்மா ரோட்டில் நடந்துகொண்டே இருந்தாள். அதைத் தாண்டிப் போனால் 1997-இல் வந்த படம். எட்டயபுரத்துக்காரரைக் காணோம்.

"மைனஸ் போடு. அதை ஒட்டியே சீரியல்னு அடி, நடுவுல இடம் விடாதே."

"மைனஸ் போட்டா மார்க்குதானே மிஸ் குறையும்?"

இங்கே சீரியல் குறைந்தது. எபிசோட், படம் என்று அடுத்தடுத்துக் கழித்தோம். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரு பாட்டின் முதலடியை மேற்கோள் குறிக்குள் போடச் சொன்னேன்; அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்கள் மட்டும் மேலே வந்தன. விக்கிமூலத்தில் முழுப்பாட்டும் இருந்தது. பாரதி படைப்புகள் 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். முன்பெல்லாம் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கினேன்; இப்போது கழித்துக் கொடுப்பதற்கு வாங்குகிறேன்.

இந்தக் கழித்தலுக்கும் அடங்காதது செயற்கை நுண்ணறிவு. ஒரு பையன் பாரதியின் நூல்கள் என்று அழகான பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வந்தான். அதில் ஒரு நூலை 1924-இல் கவிஞர் எழுதி முடித்ததாக இருந்தது. பாரதி காலமானது 1921-இல். "அப்புறம் எப்படிடா எழுதினார்?" என்றால், "அதான் மிஸ் மகாகவி" என்கிறான். அட்டெண்டர் அண்ணன் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. இல்லாத புத்தகத்துக்கு அவர் தட்டு எண் சொல்லமாட்டார். "அது இங்க இல்ல, போ" என்பார். அந்த ஒரு வாக்கியம் இந்த மென்பொருள்களுக்கு லேசில் வாய்ப்பதில்லை.

நூற்பட்டியலையும் கணினியில் ஏற்றியாயிற்று. கோஹா என்று ஒரு இலவச மென்பொருள், 2000-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் முதலில் ஓடத் தொடங்கியது. ஆங்கிலப் புத்தகம் என்றால் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்ததும் மற்ற விவரங்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும். நம் பழைய தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு எண்ணே கிடையாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் எடுக்கலாம் என்றால், அங்கே தமிழை ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சுந்தர ராமசாமியை எஸ் எழுத்தில் தேடிக் களைத்தேன். மனிதர் சி எழுத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எல்லாவற்றையும் கையாலேயே தட்டினேன். குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அதில் அட்டையின் நிறத்தையும் படத்தையும் போட்டு வைத்தேன். பட்டத்துக்குப் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை. ஆனால் பிள்ளைகள் அதிகம் தேடுவது அந்தக் கட்டத்தில்தான். நீலம், யானை என்று அடித்தால் மூணாவது பீரோ வருகிறது.

பேப்பர் கட்டிங் கோப்புகளைக் கரையான் தின்றது ஒரு காலம். இணையப் பக்கங்களைத் தின்பது எது என்று தெரியவில்லை. கட்டுரைப் போட்டி விதிமுறை என்று போன மாதம் பார்த்த பக்கம் இந்த மாதம் இல்லை. இணைய ஆவணக் காப்பகம் 2001-இல் திறந்துவிட்ட வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டால், அதிர்ஷ்டம் இருந்தால் அன்றைய பக்கம் அப்படியே நிற்கும். முக்கியமான பக்கம் என்றால் நாமே அங்கே சேமித்து வைக்கலாம். பசை வேண்டாம்.

இத்தனையும் ஆனபின் ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு ஒருவர் வந்தார். மின்நூல்கள் என்று நான் எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இதுல அக்செஷன் நம்பர் எங்கம்மா? சீல் எங்க?" என்றார். இணையத்தில் இருக்கிறது சார் என்றேன். "இருக்கட்டும். சீல் எங்க?" தளங்களின் முகவரிகளை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, பள்ளி முத்திரையை நாலு இடத்தில் குத்தி, வரிசை எண் போட்டு நீட்டினேன். முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். தாளை எங்கே வைக்கட்டும் என்று கேட்டதற்குப் பீரோவைக் காட்டினார்.