சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

கேள்வி: காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் எங்கள் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஆகிற பாதையில் அதைவிட அதிகம் என்கிறார் என் மாமா. "கொத்தனாருக்குத் தெரியாத எதைப் படிக்கப்போகிறாய்?" என்றும் கேட்கிறார். என்ன சொல்லட்டும்? (ப்ளஸ் டூ மாணவி, செம்மேடு)

பதில்: அடுத்த முறை மலை இறங்கும்போது, சரிவைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர்களை மாமாவுக்குக் காட்டுங்கள். பார்ப்பதற்கு வெறும் சுவர்தான். ஆனால் கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள, நீர் நன்றாக வடியும் மணற்பாங்கான மண் பின்னால் இருந்தால், 3 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2.7 டன் விசை தள்ளிக்கொண்டிருக்கும். அதே மண்ணில் மழைநீர் மேல்விளிம்புவரை தேங்கிவிட்டால் அது கிட்டத்தட்ட 6 டன். கல்லும் அதே, மண்ணும் அதே. வடிய வழியில்லாத தண்ணீர் பாரத்தை இரண்டு மடங்குக்கும் மேலே கொண்டுபோய்விட்டது. சுவரில் வரிசையாக விடும் சிறு துளைகளும் பின்னால் நிரப்பும் சரளையும் இதற்காகத்தான். செலவு மிச்சமென்று அவற்றைத் தவிர்ப்பது அந்தச் சாலையில் போகிறவர்கள் உயிரோடு விளையாடுவது.

கொத்தனாரை இதில் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லின் முகம் பார்த்து அடுக்கும் கைப்பழக்கத்தை எந்தக் கல்லூரியும் தராது. ஆனால் அனுபவம் ஏற்கெனவே கட்டிப் பார்த்த உயரத்துக்குத்தான் சாட்சி சொல்லும். சுவரின் உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்காகும். 2 மீட்டரில் பத்து மழை தாங்கிய சுவரைப் பார்த்து, 4 மீட்டர் சுவரை 'கொஞ்சம் தடிமனாக' எழுப்பினால் போதும் என்று கண்ணும் கையும் சொல்லும். கணக்கு ஒப்புக்கொள்ளாது. மாமாவின் கேள்விக்குப் பதில் அந்த எட்டு மடங்குதான்.

கேள்வி: கணக்கை ஸ்டாட் புரோ மென்பொருள் போட்டுவிடுகிறது, இப்போது ஏ.ஐ. வேறு. நான்கு வருடம் படித்துவிட்டு பட்டன் அழுத்தவா?

பதில்: மென்பொருள் நொடியில் கணக்குப் போடும்; ஆனால் நீங்கள் கொடுத்ததை வைத்துத்தான். பின்னால் இருப்பது வறண்ட மண் என்று கொடுத்தால், பிழையே இல்லாத கணக்கோடு தவறான சுவரை வரைந்து தரும். ஐப்பசி மழையில் எந்த ஓடை எங்கே திரும்பும் என்று விசாரிக்க வேண்டியவர் பொறியாளர். மலையில் வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வரும் என்று நம்புகிறேன்.

பொறுப்பு இன்னொன்று. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே நின்ற அதன் ஜோடிக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வரைபடத்தில் கையெழுத்திடுபவர் கட்டடத்தின் பாதுகாப்புக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த இடத்தில் மனிதர் ஒருவர் வேண்டும், தேர்ந்தவராக வேண்டும்.

கேள்வி: அதெல்லாம் சரி, சம்பளம்?

பதில்: தொடக்கத்தில் ஐ.டி. வேலையைவிடக் குறைவாகவே இருக்கும். அதை மறைத்து உங்களை அனுப்பக் கூடாது. வெயிலும் தூசும் உண்டு. நான்கு வருட பி.இ. சிவிலோடு நிறுத்தினால் பெரும்பாலும் கட்டுமானத் தள வேலை; வடிவமைப்புதான் வேண்டுமென்றால் ஸ்ட்ரக்சுரல் பிரிவில் இரண்டு வருட எம்.இ. அவசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பி.இ.க்கு உங்களுக்குப் பக்கத்திலேயே சேலம் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.இ. சேர்ந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்; வீட்டில் கேட்கப்போகும் முதல் கேள்வி செலவைப் பற்றித்தானே. அரசு வேலை என்றால், நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. அதற்கு பி.இ. போதும்.