கொடுத்துச் சிவந்த கைகள்

என் மைத்துனன் பாட்னாவில் வேலை பார்க்கிறான். கபடி சீசன் தொடங்கினால் போதும், அங்கிருந்து போன் வந்துவிடும். "மாமா, உங்க தலைவாஸ் இந்த வருஷம் எத்தனாவது இடம்?" கேட்கும்போதே குரலில் ஒரு சிரிப்பு. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சேர்ந்த இடம் அப்படி. பாட்னா அணி 2016இல் இரண்டு, 2017இல் ஒன்று என்று தொடர்ந்து மூன்று கோப்பைகளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போன அணி. கையில் கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கத் தெரியாத கூட்டம். பாரி பிறந்த மண்ணின் மனசு அவர்களுக்கு எப்படிப் புரியும்? முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் போய், "சரி, நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்கிற கேள்விதான் இது.

நம் கபடி அணியான தமிழ் தலைவாஸ் உதித்தது 2017இல். அன்று உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். இத்தனை பெரிய மனிதர்கள் முன்நின்று நடத்தும் கல்யாணத்தில், மாப்பிள்ளையைக் காணோமே என்று முணுமுணுப்பது மரியாதையா? அந்த வருடம் தங்கள் பிரிவில் கடைசி இடம். 2018இலும் பிரிவில் கடைசி. 2019இல் பிரிவுகளை எடுத்துவிட்டு, பன்னிரண்டு அணிகளையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். பன்னிரண்டாவது இடம். சென்னையில் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே வாடகை வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்.

அதிலும் 2019ஐத் தனியாகப் பாராட்ட வேண்டும். ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லார் என்று ஒரே உறையில் மூன்று கத்திகள். விளையாடியது 22 ஆட்டம். வெற்றி 4, சமன் 3, தோல்வி 15. மொத்தப் புள்ளி 37. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். வெற்றிக்கு ஐந்து வீதம் இருபது, சமனுக்கு மூன்று வீதம் ஒன்பது, ஆக இருபத்தொன்பது. மிச்சம் எட்டு எங்கிருந்து வந்தது? அன்றைய விதிப்படி ஏழு புள்ளிக்குள் தோற்றால், தோற்ற அணிக்கும் ஆறுதலாக ஒரு புள்ளி கிடைத்தது. அந்த எட்டும் அப்படிப் பக்குவமாகத் தோற்றுச் சம்பாதித்தவை. ஜெயித்துப் புள்ளி வாங்குவதை எந்த அணியும் செய்யும். நஷ்டத்தில் லாபம் எடுக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

அடுத்த சீசனில், அதாவது 2021 டிசம்பரில் தொடங்கியதில், ஒரு மாற்றம் தெரிந்தது. எதிராளியையும் புண்படுத்தாமல் நம் ரசிகனையும் புண்படுத்தாமல் ஆடுவது எப்படி என்று யோசித்திருப்பார்கள் போலிருக்கிறது. ஆறு ஆட்டங்களைச் சமனில் முடித்தார்கள். கடைசி முப்பது நொடி, நாம் ஒரு புள்ளி முன்னிலை, சும்மா ஒதுங்கி நின்று மூச்சு விட்டாலே ஜெயித்துவிடலாம் என்கிற நிலை வரும். அந்த நேரத்தில் ஒரு கார்னர் ஆட்டக்காரருக்கு எதிராளியின் கணுக்கால் மேல் திடீர்ப் பாசம் வந்து பாயும். அதைப் பார்க்கும் பாக்கியம் வேறு எந்த ஊர் ரசிகனுக்கும் கிடைத்திருக்காது. அந்த சீசனில் ஒரே ஒரு சறுக்கல். பதினோராவது இடத்துக்கு முன்னேறிவிட்டார்கள்.

2022இல் நடந்ததைச் சொல்லத்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அந்த ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். கபடியில் அதுவரை யாரும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, மனிதர் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அடிபடுவது யார் கையிலும் இல்லை. ஆனால் அவர் இடத்தை நிரப்ப வந்தவர் நரேந்தர் என்று ஒரு புதுப் பையன். ஏலத்தின் விலைப்பட்டியலைச் சரியாகப் படிக்கவில்லை போலும், ரெய்டுக்குப் போனால் புள்ளியோடு வந்துகொண்டே இருந்தான். விளைவு, அணி அரையிறுதி வரைக்கும் போய்விட்டது. அங்கே புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்று, மானம் காப்பாற்றப்பட்டது. இதிலிருந்து நிர்வாகம் உரிய பாடத்தைக் கற்றுக்கொண்டது. 2024 ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. அதற்கு முந்தைய சீசனில் ஒன்பதாவது இடம், அந்த சீசனிலும் ஒன்பதாவது இடம்.

பெயரைக் கவனித்தீர்களா? தலைவா என்றால் ஒருவர். அதற்கு ஆங்கில 'ஸ்' ஒட்டிப் பன்மையாக்கி, எல்லோரையும் தலைவராக்கிவிட்டார்கள். தொண்டர் வேலை பார்க்க ஆள் கிடையாது. தமிழ்நாட்டை இவ்வளவு ஆழமாகப் படித்து வைத்த பெயரை நான் பார்த்ததில்லை. நம் தலைவர்களை மட்டும் ஊருக்கு வெளியே அனுப்பிவிடுவோம். தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டிய வயதில் 2016இல் கோப்பையைத் தூக்கினார், பாட்னாவின் தலைவராக. மைத்துனன் சிரிக்கிற சிரிப்பில் பாதி நாம் அனுப்பி வைத்ததுதான். 2022இல் நாம் முதல் ஆட்டத்தில் குஜராத்தை எதிர்த்து ஆடியபோது குஜராத்தின் தலைவர் சந்திரன் ரஞ்சித், நம்ம ஊர்க்காரர். தமிழ் அணிக்கு டெல்லிக்காரர் பவன் தலைவர், குஜராத் அணிக்குத் தமிழர் தலைவர். தேச ஒற்றுமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடையில் ஒன்று. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் இந்தியாவின் ஆண், பெண் இரு அணிகளும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். ஊரின் ஓரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்த கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் போய்த் தங்கத்தோடு வருகிறாள். கோடிக் கணக்கில் செலவில்லை, விளம்பரத் தூதர் இல்லை. இப்படி அநாகரிகமாக நேரே போய் ஜெயித்துவிட்டு வந்தால் மற்றவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். சேப்பாக்கம் ஒரு காலத்தில் கோட்டை என்று பெயர் எடுத்திருந்தது. கோட்டை என்றால் கதவைச் சாத்தி வைப்பது. விருந்தோம்பலுக்குப் பேர்போன ஊரில் இது எவ்வளவு பெரிய அவமானம்! 2025இல்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் அந்தக் களங்கத்தைத் துடைத்தது. பெங்களூருவுக்கு 2008க்குப் பிறகு நமக்கு எதிராக இங்கே முதல் வெற்றி. டெல்லிக்கு 2010க்குப் பிறகு. சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு வாழ்நாளிலேயே முதல்முறை. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன் எடுத்து, அவர்கள் 10.1 ஓவரில் வேலையை முடிக்க வழிவிட்டார்கள். அன்று ரசிகர்கள் நெரிசல் இல்லாமல் மெட்ரோ பிடித்து, குழந்தைகளைச் சீக்கிரம் தூங்க வைத்தார்கள். சொந்த மண்ணில் ஆறு ஆட்டம், ஐந்தை விருந்தாளிக்கே கொடுத்தோம். மும்பையைத் தோற்கடித்தது முதல் ஆட்டத்தின் பதற்றம், மன்னித்துவிடலாம்.

இந்த அணிக்கு இளைஞர்கள் மேல் அக்கறை இல்லை என்பது அபாண்டம். அந்த சீசனுக்குத் தக்கவைத்தவர்களில் சர்வதேச அனுபவம் இல்லாதவர் என்ற பிரிவில் ஒருவரை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது. வயது 43. பெயர் மகேந்திர சிங் தோனி. கடைசியாகச் சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருடமானால் புதுமுகம் என்று விதியே இருக்கிறது. அந்தப் புதுமுகத்தைக் கூச்சம் போகும்வரை காத்திருந்து, பெங்களூருவுக்கு எதிராக அஸ்வினுக்கும் பிறகு ஒன்பதாவதாக இறக்கினார்கள். நான் தோனியின் பக்தன், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து தோனி இறங்குவார் என்ற ஆசையில், ஜடேஜா அவுட் ஆனதும் கைதட்டி ஆர்ப்பரித்த கூட்டத்தில் நானும் கைதட்டியிருக்கிறேன். நம் ஆள் அவுட் ஆனதைக் கொண்டாடும் ரசிகர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள்? அணிக்கு ஏற்ற ரசிகன்.

சாய் சுதர்சன் என்று திருவல்லிக்கேணிப் பக்கம் யாரிடம் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள். சென்னைப் பையன். குஜராத் அணி அவனை 20 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. 2023 இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராக 96 அடித்தான். 2025இல் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பியை வாங்கினான். அந்த வருடம் நாம் பத்தாவது, பட்டியலில் மொத்தமே பத்துதான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன்கூட, அந்த மயில் திரும்பி வந்து தன்னையே கொத்த வேண்டும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டான்.

கால்பந்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. சென்னையின் எஃப்.சி. பெயரைப் பார்த்ததும் என் தமிழய்யா ஞாபகம் வருவார். 'இன்' என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல் பொருளில் வரும் என்பார். மலையிலிருந்து அருவி விழுவதைக் கையால் காட்டுவார். 2018இல் இரண்டாவது முறையாகக் கோப்பையை வென்றவர்கள், அடுத்த சீசனில் அய்யா கைகாட்டிய மாதிரியே விழுந்தார்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். முடி சூடிய மறுவருடமே முடி இறக்கிய அடக்கம் திருப்பதியில்கூடப் பார்க்கக் கிடைக்காது. அதற்கடுத்த வருடம் மனம் தடுமாறி இறுதி ஆட்டம் வரை போனார்கள். நல்ல வேளை, கொரோனா புண்ணியத்தில் மைதானத்தில் ரசிகர்களே இல்லை. தோற்றதை யாரும் நேரில் பார்க்கவில்லை. உரிமையாளர்களில் ஒருவரான அபிஷேக் பச்சனுக்கு ஜெய்ப்பூரில் கபடி அணி ஒன்றும் உண்டு. அது 2014இலும் 2022இலும் கோப்பை வாங்கியது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு நம் குழந்தையை ஒப்பிடக் கூடாது என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

தொழில்முறை அணிகளுக்கு இந்தப் பண்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கல்லூரியிலேயே விதைத்துவிடுகிறார்கள். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம், அங்கே விளம்பரம் பிடிக்காது. கல்லூரி வாசலில் இருக்கும் பதினாறு ஃபிளெக்ஸைத் தவிர. என் காலத்தில் மைதானம் முழுசாக இருந்தது. மாணவர்கள் விழுந்தால் முட்டி பெயர்கிறதே என்ற கருணையில் பாதியில் பேவர் பிளாக் பதித்துக் கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். பி.டி. சாருக்குத் தாடி, அடையாள அட்டை, பஸ் கட்டணம் மூன்றையும் பார்த்துக்கொள்கிற வேலை. மிச்ச நேரத்தில் விளையாட்டு. ஜோனல் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் பயிற்சி தொடங்கும். பையன்கள் களைத்துப் போகக் கூடாதல்லவா? போன வருடம் கபடி அணி இரண்டாவது சுற்றில் தோற்றதும் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மேலே தாளாளர், அவர் மகன், மருமகள், முதல்வர். கீழே வரிசையாகப் பன்னிரண்டு பேர் பாஸ்போர்ட் அளவில். யார் ரெய்டர், யார் கார்னர் என்று கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரி. உள்ளே கோப்பைகள். அலுவலகத்து அம்மா ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் பீதாம்பரி போட்டுத் துலக்குவதால் கண் கூசுகிறது. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டியபோது ஔவை என்ன சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும். இவருடைய வேல்கள் நெய் பூசி மாலை சூடிப் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். நான் அதே மாதிரி, "கோப்பையெல்லாம் புதுசு மாதிரி இருக்கே சார்" என்றேன். அலுவலகக் கண்காணிப்பாளர் அகமகிழ்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாம் நாங்கள் படித்த காலத்தியவை. ஒன்றுக்குள் மட்டும் ஜெராக்ஸ் மெஷின் சாவி இருந்தது.

எங்கள் கீழ்வீட்டுப் பையன் அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான். இடது கார்னர், பிடித்தால் உடும்புப் பிடி. போன வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து முப்பது நாளில் இந்தி கற்றுக்கொள்ளும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொருவன் ஏற்றுமதிக்குத் தயாராகிவிட்டான்.

"பாட்னாவுக்கா, ஜெய்ப்பூருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள், தலைவாஸ்ல டிரையல்ஸ் போகலாம்னு இருக்கேன்" என்றான். "டைம் அவுட்ல கோச் என்ன சொல்றார்னு புரியணும்ல?"