இரண்டு வாரக் கெடு

கேள்வி: அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல். “பீடி இருமல்தான், பழகிப்போச்சு” என்கிறார். விட்டுவிடலாமா? (வாசகர், பல்லாவரம்)

பீடியை விடச் சொல்லுங்கள், இருமலை விட்டுவிடாதீர்கள். புகைப்பவர்களுக்குத்தான் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் சளியைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ஒன்று மட்டும்: டப்பாவைக் கொடுத்தால் எச்சிலைத் துப்பி நிரப்பிவிட்டு வருகிறவர்கள் நம்மில் அதிகம். ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சுக்கு அடியிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளிதான் வேண்டும். சளியில் ரத்தம் தெரிந்தால் இரண்டு வாரமெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு இருமலே இல்லை. ஆனால் சாயங்காலமானால் லேசாகக் காய்கிறது, ராத்திரியில் பனியன் நனைய வேர்க்கிறது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நண்பர்கள் “ஸ்லிம் ஆயிட்டே” என்கிறார்கள்! (வாசகர், ஈரோடு)

நண்பர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள். டயட்டும் இல்லாமல், நடையும் இல்லாமல் எடை இறங்கினால் அது பாராட்டுக்குரிய விஷயமல்ல. காசநோய் என்றாலே நுரையீரல் என்று நினைக்கிறோம். முடியும் நகமும் தவிர உடம்பில் எங்கேயும் வரும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கையோடு சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அதுவும் ஆளை இளைக்க வைக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

கேள்வி: தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது. பயமில்லைதானே? (வாசகி, திண்டுக்கல்)

தழும்பு அங்க அடையாளம் எழுத உதவும். அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பாற்றும். வளர்ந்தவரின் நுரையீரலுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

கேள்வி: எனக்குக் காசநோய், மாத்திரை சாப்பிடுகிறேன். மாமியார் என் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். (வாசகி, கடலூர்)

தட்டைப் பிரித்த கையால் ஜன்னலைத் திறந்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். இது காற்றில் பரவும் நோய், டம்ளரில் அல்ல. தனியே பிரித்து வைத்தால்தான் குணமாகும் என்பதும் இல்லை. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள் என்று 1950களிலேயே சென்னை ஆய்வு காட்டிவிட்டது. தட்டு எங்கே இருந்தாலும் அதில் முட்டையும் பருப்பும் இருக்கட்டும், வீட்டார் தட்டிலும்தான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது (2023). ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதால், மாமியாருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். “உங்கள் நல்லதுக்குத்தான் அத்தை” என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.